சேலத்தில் அரசு வேலையா, தனியார் வேலையா: மனம் எதில் நிறைகிறது?

டிகிரி முடித்த பிள்ளை இருக்கும் எந்தச் சேலம் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தே தீரும். கையில் ஒரு தனியார் வேலை இருக்கும், அல்லது கிடைக்கும்போல இருக்கும். இன்னொரு பக்கம் அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வு அறிவிப்பு வந்திருக்கும். "கவர்மெண்ட் வேலைன்னா கடைசி வரைக்கும் கவலை இல்லை" என்பார் ஒரு மாமா. "எத்தனை வருஷம்தான் படிச்சிக்கிட்டே உட்கார்ந்திருப்ப?" என்பார் சித்தப்பா. சம்பளம், பென்ஷன், கல்யாணம் மூன்றையும் வைத்தே வாதம் முடிந்துவிடும். சேர்ந்த பிறகு அந்த வேலையில் மனம் ஒட்டுமா என்று கேட்க அங்கே ஆள் இருக்காது.

நான் சேலத்தில் தனியார் நிறுவனங்களில் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். கணவர் வருவாய்த் துறையில் இருக்கிறார். இரண்டு பக்கத்துச் சந்தோஷமும் புலம்பலும் ஒரே வீட்டுக்குள் தினமும் வருகின்றன. அதை வைத்து எனக்கு ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. அரசு வேலை, அதிருப்திக்கான காரணங்கள் பலவற்றை எடுத்துவிடும். திருப்தியைத் தருமா என்பது நீங்கள் எந்த நாற்காலியில் போய் உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தனியாரில் பெரும்பாலும் இது தலைகீழ்: வேலை பிடித்திருக்கும், ஆனால் அதைச் சுற்றியுள்ளவை அரித்துக்கொண்டே இருக்கும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் சொன்னதுதான். பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் இருநூறு பொறியாளர்களிடமும் கணக்கர்களிடமும், வேலை எப்போது ரொம்பப் பிடித்திருந்தது, எப்போது வெறுத்துப்போனது என்று அவருடைய குழு கேட்டது. வெறுத்த கதைகளில் நிர்வாக விதிகள், மேலதிகாரி, சம்பளம், வேலைச் சூழல் ஆகியவை அதிகம் வந்தன. பிடித்த கதைகளில் ஒன்றைச் செய்து முடித்தது, அதை யாராவது மதித்தது, பொறுப்பு கிடைத்தது, வேலையே சுவையாக இருந்தது என்பவை வந்தன. ஆக, முதல் பட்டியலைச் சரிசெய்தால் புலம்பல் குறையும், அவ்வளவுதான். மனநிறைவுக்கு இரண்டாவது பட்டியல் வேண்டும். நல்லது நடந்தால் தன்னால் என்றும், கெட்டது நடந்தால் நிர்வாகத்தால் என்றும் சொல்வது மனித சுபாவம்தானே என்று பின்னால் வந்தவர்கள் இதை விமர்சித்ததும் உண்டு. அது நியாயமான விமர்சனம்தான். ஆனாலும் நம் ஊர் வேலைகளை எடைபோட இந்த இரண்டு பட்டியல்களும் நன்றாகவே உதவுகின்றன.

சம்பளமும் பாதுகாப்பும்

இதில் அரசுப் பக்கம் ஜெயிப்பதை மறைக்க வேண்டியதில்லை. 2017 ஊதியத் திருத்தத்தின்படி இளநிலை உதவியாளருக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் (கிராம நிர்வாக அலுவலர்) ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய். அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் சேர்ந்தால் முதல் மாதமே முப்பதாயிரத்தைத் தாண்டிவிடும். ஆண்டுக்கு 3 சதவீதம் ஊதிய உயர்வு உண்டு. ஜனவரி, ஜூலைக் கணக்கில் அகவிலைப்படியும் ஏறும். ஓய்வு வயது 60. சேலத்தை விட்டு நகராமல் தனியாரில் இந்தத் தொகையை எட்ட ஒரு பி.காம். பட்டதாரிக்குப் பல வருடங்கள் ஆகும். அதற்குள் பாதிப் பேர் ஓசூருக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி புது பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தாலே இது புரியும்.

பென்ஷன் பற்றி மட்டும் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் வாங்குவது பழைய பென்ஷன். 1.4.2003 முதல் மாநில அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் வந்தார்கள். அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டையும் கூட்டி அதில் 10 சதவீதம் பிடிக்கப்பட்டது. பழைய திட்டம் கேட்டு ஊழியர் சங்கங்கள் வருடக்கணக்கில் போராடியதும், அரசு இந்த விஷயத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்ததும் அதனால்தான். நீங்கள் சேரும் நாளில் எந்தத் திட்டம் நடப்பில் இருக்கிறது என்று அப்போதைய அரசாணையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

தனியாரில் சேருகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது பி.எஃப். பிடிக்கிறார்களா, இ.எஸ்.ஐ. உண்டா என்பதைத்தான். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. பொருந்தும், ஊழியர் பங்கு 0.75 சதவீதம்தான், ஆனால் குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கும். பல சிறிய கடைகளிலும் பட்டறைகளிலும் ஆளைப் பதிவிலேயே ஏற்றுவதில்லை. கையில் ஆயிரம் ரூபாய் கூடத் தருகிறோம், பி.எஃப். வேண்டாமே என்பார்கள். நானே அப்படி ஓர் இடத்தில் இருந்திருக்கிறேன். அந்த ஆயிரம் எங்கே போனது என்று இன்று தெரியவில்லை, ஆனால் அந்த வருடங்கள் என் பி.எஃப். கணக்கில் இல்லை. பி.எஃப். இருந்தாலும் அதோடு வரும் மாதப் பென்ஷன் பெரிதாக இருக்காது. குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014இல் வைத்தார்கள். தனியாரில் இருப்பவர் வயோதிகத்துக்குத் தனியாகச் சேர்த்தே ஆக வேண்டும்.

பெண்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தமிழக அரசு ஊழியருக்குப் பேறுகால விடுப்பு 2021 முதல் ஓராண்டு. தனியாரில் சட்டப்படி 26 வாரம். சட்டம் இருந்தும், கர்ப்பம் என்று தெரிந்ததும் வேலையை விட்டு நின்றுவிடச் சொல்லாமல் சொல்லும் இடங்கள் நம் ஊரில் நிறைய. பிள்ளை பெற்ற பிறகு அதே நாற்காலிக்குத் திரும்ப வர முடியும் என்ற உறுதி எத்தனை பெரிய நிம்மதி என்பது, அது இல்லாமல் தவித்தவர்களுக்குத்தான் தெரியும். என் மகள் வயதுப் பெண்கள் யோசனை கேட்டால் இந்த ஒரு காரணத்துக்காகவே அரசுத் தேர்வை ஒருமுறையாவது முறையாக முயன்று பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

வேலைக்குள் போனால்

சரி, வேலை கிடைத்துவிட்டது. தினமும் காலை பதினொரு மணிக்கு நீங்கள் என்ன செய்துகொண்டிருப்பீர்கள்? மனநிறைவு முக்கால்வாசி அதில்தான் இருக்கிறது.

பொறியியல் படித்தவர் இளநிலை உதவியாளராகத் தபால் பதிவேடு எழுதுகிறார். குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தகுதியே போதும். எழுதுபவர்களில் பட்டதாரிகளே ஏராளம். பணி நியமன ஆணை வந்த முதல் வருடம் ஒரு திருவிழாபோல ஓடிவிடும். பவானிசாகரில் நடக்கும் அரசு ஊழியர் பயிற்சிக்குப் போய்வந்து, துறைத் தேர்வுகளை எழுதி, தகுதிகாண் பருவத்தை முடிக்கும்வரை ஒரு வேகம் இருக்கும். மூன்றாவது, நான்காவது வருடத்தில்தான், "நான் படித்ததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்ற கேள்வி வருகிறது. என் கணவருடைய அலுவலகத்தில் குரூப் 2க்கு, குரூப் 1க்கு என்று வேலைக்குப் பிறகும் படித்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. பணம் ஒரு காரணம்தான். இன்னும் ஏதாவது செய்ய முடியும் என்ற தவிப்பும் அவர்களை விரட்டுகிறது.

ஆனால் அதே தாலுகா ஆபீசில் வேறு காட்சியும் உண்டு. முதியோர் உதவித்தொகை கேட்டு நடையாய் நடந்த ஒரு பாட்டிக்கு ஆணை கிடைத்த நாளில் வீட்டுக்கு வரும் என் கணவரே வேறு மாதிரி இருப்பார். அந்தத் தொகை 1,200 ரூபாய்தான். அந்தப் பாட்டிக்கு அது மாதம் முழுவதற்கான அரிசி, மருந்து. நம் கையெழுத்தால் ஒருவருக்கு ஒன்று நடந்தது என்ற உணர்வு தனியார் கணக்குப் பிரிவில் எனக்கு இந்த அளவுக்குக் கிடைத்ததில்லை. மக்களை நேரில் சந்திக்கும் அரசுப் பணிகளில், நர்ஸ், ஆசிரியர், வி.ஏ.ஓ., சத்துணவு அமைப்பாளர் ஆகியவற்றில், இந்த நிறைவு வரக் கூடுதல் இடம் இருக்கிறது. கோப்புகளை மட்டும் பார்க்கும் பணிகளில் அது அரிது. பொதுமக்களோடு பேசினாலே எரிச்சல் வரும் சுபாவம் என்றால், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் மனுக்களே உங்களை ஓட வைத்துவிடும்.

அரசுப் பணியில் வெளியே தெரியாத இரண்டு வலிகளையும் சொல்ல வேண்டும். ஒன்று, நல்லாய் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் சம்பளம் ஒன்றே. ஒரு பிரிவில் நாலு பேர் இருந்தால், சுறுசுறுப்பானவரின் மேசைக்கே எல்லாக் கோப்பும் வந்து சேரும். பாராட்டு என்று பார்த்தால் ஆகஸ்ட் 15க்கோ ஜனவரி 26க்கோ கலெக்டர் கையால் ஒரு சான்றிதழ். மற்றொன்று, தவறு நடந்தால் வரும் பயம். மெமோ, 17(அ), 17(ஆ) (சிறிய, பெரிய தண்டனைகளுக்கான ஒழுங்கு நடவடிக்கை விதிகள்) என்ற சொற்களை அரசு ஊழியர் வீட்டில் குழந்தைகள்கூட அறியும். 17(ஆ) குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தால் பதவி உயர்வு நின்றுபோகும். விசாரணை எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. மேலிருந்து வரும் வாய்மொழி உத்தரவுக்கும் விதிக்கும் நடுவில் மாட்டிக்கொள்பவர் பெரும்பாலும் கீழ்நிலை ஊழியர்தான்.

ஊர் விஷயமும் இதில் சேரும். குரூப் 4 கலந்தாய்வில் தரவரிசைப்படிதான் இடம். சேலம் கிடைக்காமல் திருவள்ளூரிலோ ராமநாதபுரத்திலோ சேர்ந்து, மாறுதலுக்கு மனுப் போட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. உள்ளூரில் அம்மா அப்பாவோடு இருக்கத்தான் அரசு வேலை என்று நினைத்தவருக்கு அந்த வருடங்கள் கசக்கும்.

தனியார் என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம், ஆனால் சேலத்தில் அது பத்து விதம். ஐந்து ரோடு, கடைவீதிப் பக்கம் ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்று சேலை விரிக்கும் பெண்களும் தனியார் ஊழியர்கள்தான். அவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்ததே 2021இல்தான். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசு செய்கிறவருக்குத் தன் வேலைப்பாட்டில் இருக்கும் பெருமையை எந்த அலுவலகத்திலும் பார்க்க முடியாது. ஆனால் கூலி உருப்படிக் கணக்கு, வெள்ளி விலை ஏறி ஆர்டர் குறைந்தால் கை சும்மா இருக்கும். மேச்சேரிப் பக்கம் பொட்டனேரியில் உள்ள ஜே.எஸ்.டபிள்யூ. போன்ற பெரிய ஆலையில் நிரந்தர ஊழியராக இருப்பவரின் நிலை, தனியார் பள்ளியில் ஒன்பது வகுப்பு எடுத்துவிட்டு மாலையில் அட்மிஷனுக்கு வீடு வீடாகப் போகும் ஆசிரியையின் நிலையோடு ஒப்பிடவே முடியாதது. இருவரையும் "பிரைவேட்" என்று ஒரே கணக்கில் சேர்த்தால் தீர்ப்பு தப்பாகத்தான் வரும்.

தனியாரின் நல்ல பக்கம் எனக்கு நேரடியாகத் தெரியும். ஜி.எஸ்.டி. 2017 ஜூலையில் வந்தபோது எங்கள் ஆபீசில் அதை முழுவதும் கற்றுக்கொண்டு நடைமுறைக்குக் கொண்டுவந்தது நானும் இன்னொரு பெண்ணும்தான். யாரும் எங்கள் சீனியாரிட்டியைக் கேட்கவில்லை. தெரிந்தவர் செய்தார், செய்தவருக்குப் பொறுப்பு வந்தது. அந்த மாதங்களின் களைப்பு மறந்துவிட்டது, கற்றுக்கொண்டது இன்னும் சோறு போடுகிறது. அரசு அலுவலகத்தில் இந்த வாய்ப்பு எனக்கு இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. ஆனால் அதே தனியாரில், நல்ல மேலாளர் போய் வேறு ஒருவர் வந்ததும் ஆறே மாதத்தில் அலுவலகம் நரகமானதையும் பார்த்திருக்கிறேன். அங்கே உங்கள் நிம்மதி ஒரு மனிதரின் குணத்தில் தொங்குகிறது. ஒரு வசதி உண்டு: பிடிக்கவில்லை என்றால் விலகலாம். அரசு ஊழியர் விலகுவதில்லை, மாறுதலுக்குக் காத்திருப்பார்.

இதனால்தான் திருப்தி பற்றிய ஆய்வுகளை ஒரு எச்சரிக்கையோடு படிக்கச் சொல்வேன். தனியாரில் மனம் ஒடிந்தவர் வேலையை விட்டுப் போய்விடுகிறார். ஆய்வுப் படிவம் நிரப்ப அங்கே மிஞ்சுவது ஓரளவு ஒத்துப்போனவர்கள். அரசில் மனம் ஒடிந்தவரும் அங்கேயே இருந்து படிவத்தை நிரப்புகிறார். இரண்டு சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இது மேல், அது கீழ் என்று சொல்லிவிட முடியாது. சம்பளம், பதவி உயர்வு, மேலதிகாரி, சக ஊழியர், வேலையின் தன்மை என்று தனித்தனியாகக் கேட்ட ஆய்வு என்றால் படிக்கலாம், "மொத்தத்தில் திருப்தியா?" என்று மட்டும் கேட்டிருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நடுவில் இருப்பவை

சேலம் உருக்காலை நம் ஊர்க்காரர்களுக்கு அரசு வேலையின் உச்சம். 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1981இல் உற்பத்தி தொடங்கியது. துருப்பிடிக்காத எஃகில் பெயர் வாங்கியது. அங்கே பெண் கொடுக்கப் போட்டி போட்ட காலம் உண்டு. 2019இல் மத்திய அரசு இந்த ஆலையையும் துர்காபூர், பத்ராவதி ஆலைகளையும் விற்க விருப்பம் கோரியது. தொழிலாளர்கள் தொடர்ந்து போராடினார்கள். 2023 தொடக்கத்தில் சேலத்துக்கான விற்பனை முயற்சி கைவிடப்பட்டது. அந்த வருடங்களில் நிரந்தர ஊழியருக்குச் சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் நாளை இது யாருடைய ஆலை என்ற கவலையோடுதான் வேலைக்குப் போனார்கள். பொதுத்துறை என்றாலே அசைக்க முடியாதது என்று நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

அதைவிடக் கவலைக்குரியது ஒப்பந்த வேலை. அரசு அலுவலகம், அரசு ஆஸ்பத்திரி, மின்நிலையம், மாநகராட்சி என்று எங்கும் அவுட்சோர்சிங், தொகுப்பூதியம், தினக்கூலி என்ற பெயர்களில் ஆள் எடுக்கிறார்கள். டாஸ்மாக் 2003இல் மதுச் சில்லறை விற்பனையை எடுத்தபோது தொகுப்பூதியத்தில், அதாவது மாதம் ஒரு மொத்தத் தொகைக்கு, எடுத்த கடை ஊழியர்கள், நிரந்தர ஊழியரைப்போல படிகளும் உயர்வும் உள்ள காலமுறை ஊதியத்தை வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த வேலைகளில் அரசின் கெடுபிடி முழுவதும் இருக்கும், பாதுகாப்பு இருக்காது. தனியாரைப்போல நீக்கிவிடலாம், ஆனால் தனியாரைப்போல வளர இடமில்லை. "எப்படியும் ஒருநாள் பர்மனென்ட் பண்ணுவாங்க" என்ற நம்பிக்கையில் இளமையைக் கரைத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இருப்பதில் மோசமானது இதுதான் என்பது என் திடமான கருத்து. யாராவது பணம் கட்டினால் இந்த வேலையை வாங்கித் தருகிறேன் என்று சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஏற்காட்டில் கதை கொஞ்சம் வேறு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகும் அரசு ஆசிரியருக்கும் கிராம செவிலியருக்கும், கீழே இருப்பவர்களுக்குக் கிடைக்காத ஒரு மரியாதை மலைக்கிராமத்தில் கிடைக்கிறது. பஸ் நேரமும் மழையும் மூடுபனியும் அதற்கான விலை. மேலே தனியார் என்றால் ரிசார்ட், இல்லாவிட்டால் காபி எஸ்டேட். ரிசார்ட் வேலை கோடை சீசனில் மூச்சுவிட நேரமில்லாமலும், மழைக்காலத்தில் ஆள் குறைப்பு பயத்தோடும் நடக்கும். எஸ்டேட் தொழிலாளிக்கு வீடும் மருத்துவமும் முதலாளி தர வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுச் சட்டம் வைத்தது. அதை ஒழுங்காகத் தந்த எஸ்டேட்களில் மூன்று தலைமுறையாக இருப்பவர்கள் உண்டு. பிள்ளைகள் கீழே இறங்கிவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

காத்திருக்கும் வருடங்கள்

2024 குரூப் 4 முதலில் 6,244 இடங்களுக்கு அறிவிக்கப்பட்டது. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பிறகு இடங்கள் 9,000க்கு மேல் கூடியும், ஓர் இடத்துக்கு இருநூறு பேருக்கு மேல் என்ற கணக்குதான் வந்தது. பத்தாம் வகுப்பைவிடக் கூடுதலாகப் படித்த பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்குப் பெரும்பாலான குரூப் 4 பதவிகளில் உச்ச வயது வரம்பும் இல்லை. இது நல்ல ஏற்பாடு, ஆனால் இதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. நிறுத்து என்று சொல்ல யாரும் இல்லாததால், "அடுத்த வருஷம் அடிச்சிடலாம்" என்று முப்பத்தைந்து வயது வரை போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் தனியார் கதவுகளும் ஏறக்குறைய மூடிவிடும். அரசு, தனியார் இரண்டிலும் இல்லாமல் போகும் அந்த வருடங்களின் வருத்தத்தை எந்தத் திருப்தி ஆய்வும் அளப்பதில்லை.

ஆகையால் என் யோசனை இப்படி. தொழில்திறன் கூடக்கூடச் சம்பளம் ஏறும் துறையில், அதாவது மென்பொருள், கணக்கு, இயந்திர வடிவமைப்பு, மருத்துவமனை நிர்வாகம் போன்றவற்றில், நல்ல தொடக்கம் கையில் இருந்தால் அதை விட்டுவிட்டுக் குரூப் 4க்கு உட்கார வேண்டாம். அந்த வேலையில் பி.எஃப். இருக்கிறதா, உங்களுக்குக் கற்றுத்தர ஆள் இருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். கையில் இருப்பது வளர்ச்சியே இல்லாத கடை வேலை, பதிவில்லாத பட்டறை வேலை என்றால் அரசுத் தேர்வுக்கு முழு மனதோடு இறங்குங்கள். இரண்டு தேர்வுச் சுற்று என்று வீட்டாரிடம் சொல்லி எல்லை வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டிப் படிக்க வசதியில்லை என்றால் கோரிமேட்டில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு விவரம் கேளுங்கள். குடும்பக் கடன், வயதான பெற்றோர், தனியாகப் பிள்ளை வளர்ப்பது போன்ற பாரம் இருப்பவர்களுக்குச் சுவையான வேலையைவிட நிச்சயமான சம்பளம் முக்கியம். அதற்காக அரசைத் தேர்ந்தெடுப்பதில் எந்தக் குறையும் இல்லை.

கலந்தாய்வில் துறையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வரும்போது சொந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் பார்க்காமல், அந்தத் துறையில் ஐந்து வருடம் இருந்த ஒருவரிடமும் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடமும் பேசிவிட்டுப் போங்கள். பதினொரு மணிக்கு என்ன வேலை, பதவி உயர்வுக்கு எத்தனை வருடம், போன வருடம் எந்த நாளில் வேலை பிடித்திருந்தது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் ரொம்ப நேரம் யோசித்தால் வேறு துறையைப் பாருங்கள். தனியார் இண்டர்வியூவுக்குப் போகும்போதும் இதையே அங்கே வேலை பார்க்கும் ஒருவரிடம், டீக்கடையில் வைத்தாவது, கேட்டுவிடுங்கள்.